குடும்ப வாரியாக ஒரு நோட்டு

எங்கள் மையத்தில் மூன்று வேலை நடக்கிறது. தினமும் சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு. சனிக்கிழமை காலையில் சர்க்கரை, பிரஷர் பரிசோதனை. தோட்டத்துக்காரர்களுக்கு மண் மாதிரி எடுத்துக் கொடுப்பதும் பூச்சி, நோய்க்கு வழி சொல்வதும் மூன்றாவது. சூலூருக்கும் சுல்தான்பேட்டைக்கும் நடுவே, தறிச் சத்தமும் தென்னந்தோப்பும் கலந்த ஊர். இடம் சர்ச் காம்பவுண்டு. நிதி தருகிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனி அறிக்கை கேட்பதால் மூன்று பதிவேடு வைத்திருக்கிறோம். நான் அடிக்கடி புரட்டுவது நாலாவது நோட்டை. அதில் குடும்பத்துக்கு ஒரு பக்கம்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தொடர்ந்து வகுப்புக்கு வரவில்லை. வகுப்புப் பதிவேட்டில் அது வெறும் ‘ஆப்சென்ட்’. குடும்பப் பக்கத்தைத் திருப்பினால், அவன் அமுச்சி (பாட்டி) இரண்டு முறையாகச் சர்க்கரை பார்க்க வரவில்லை. அதற்கும் முன்னால் அவன் அப்பா வெள்ளை ஈ அடித்த தென்னை ஓலையைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். காய் குறைந்தது, கடன் ஏறியது, மாத்திரை நின்றது, பையன் தறிக்குடோனில் நூல் போடப் போனான். பள்ளிக்கூடத்துப் பிரச்சினையாக நம் கண்ணில் படுவது தோப்பில் தொடங்கியிருக்கிறது. டியூஷன் டீச்சரை மட்டும் அவன் வீட்டுக்கு அனுப்பி என்ன பயன்?

அந்த வெள்ளை ஈயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் தெரிந்ததே 2016-ல், நம் பொள்ளாச்சித் தென்னையில்தான். ஓலையின் அடியில் சுருள் சுருளாக வெள்ளை மெழுகு. அந்த ஈ கழிக்கும் தேன்போன்ற கழிவு கீழ் ஓலைகளில் விழுந்து கரும்பூசணம் படரும். தோப்பே கருகினமாதிரி தெரிவதால் மருந்துக்கடைக்கு ஓடத் தோன்றும். மருந்தடித்தால் அந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும் என்கார்சியா குளவியும் செத்துப்போகும். அதனால் ஓலையைத் திருப்பி, கையில் லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வோம். வெள்ளைக் கூட்டுப்புழுக்களுக்கு நடுவே சில கறுத்திருந்தால் குளவி வேலை செய்கிறது என்று அர்த்தம். அதைக் கண்ணால் கண்ட பிறகு விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டை, கரும்பூசணத்துக்கு மைதாக் கஞ்சி என்று சொன்னால் காதில் ஏறும். முதலிலேயே சொன்னால் ஏறாது.

பரிசோதனை நாளில் வேறு பாடம். “வெறும் வயித்துலதானுங் வந்தேன், ஒரு டம்ளர் டீ மட்டும் குடிச்சனுங்” என்பார்கள். அந்த டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பாலைக் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருகிறவர்கள் டீ இல்லாமல் எட்டு மணி வரை இருப்பது கஷ்டம். அதனால் ஆறு மணிக்கே சொசைட்டி வாசலில் மேஜை போடத் தொடங்கினோம். இந்தப் பக்கத்தில் பால் நேரத்தையும் தறி ஷிஃப்டையும் பார்க்காமல் எந்தத் திட்டத்துக்கும் நேரம் குறிக்கக் கூடாது.

சாயங்கால வகுப்பில் நான் மிகவும் விரும்புவது பூச்சிமருந்து டப்பாவை வாசிக்கும் பாடம். காலி டப்பாவைத் தொடவிடுவதில்லை. லேபிளைப் படமெடுத்துப் பெரிதாக ஒட்டிவைப்போம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்களில் எதற்கு விஷம் அதிகம் என்று பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். அடுத்த வாரம் மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி தேடுவது. அமுச்சிக்கு அதை வாசித்துச் சொல்லும் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்படி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது புதிதல்ல. சேலத்தில் 1876-ல் பிறந்த கே.டி. பால், ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச்செயலர், கிராமத்து ஏழையின் கடனைத் தொடாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை என்று கூட்டுறவுச் சங்கங்களில் இறங்கினார். பின்பு மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய மையம் உடல், அறிவு, ஆன்மா, சமூகம், பொருளாதாரம் ஐந்தையும் சேர்த்தே பார்த்தது. சபை செய்யும் ஊழியத்துக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியாது.

சர்ச்சுக்குள் நடப்பதால் ஒன்றில் கண்டிப்பாக இருக்கிறோம். ஜெபிக்கச் சொல்கிறவர்களுக்காக ஜெபிப்போம்; மண் மாதிரி கொண்டுவருகிறவரிடம் பிரசங்கம் கிடையாது. டோக்கன் வந்த வரிசைப்படிதான். இரட்டை டம்ளரைப் பார்த்து வளர்ந்த பகுதி இது. தோட்டத்துக்காரரும் அவர் தோட்டத்தில் களை வெட்டும் அம்மாவும் அதே பெஞ்சில் காத்திருக்கிறார்கள், அதே டம்ளரில் தண்ணீர் குடிக்கிறார்கள். நின்றுகொண்டே இருக்கப் பார்க்கிறவரை, “உக்காருங்க” என்று நாங்களே கூப்பிட்டு உட்காரவைப்போம். எங்கள் வேலையில் சுவிசேஷம் என்று நான் நம்புவது இதைத்தான்.

வெயில் ஏறினால் வெள்ளை ஈயும் ஏறும். அதனால் மாசி பிறந்ததும் தென்னை வைத்திருக்கும் வீடுகளின் பக்கங்களில் ஒரு மடிப்பு வைத்துவிடுவோம். அந்தப் பிள்ளைகளில் யாராவது இரண்டு நாள் வராவிட்டால், மூன்றாம் நாள் சாயங்காலம் டீச்சரும் நர்ஸும் சேர்ந்தே போகிறார்கள்.