பழுது எங்கே?

நெமிலிச்சேரியில் நம் இல்லத்துக் கணிப்பொறி, ரிச்சி தெருவில் வாங்கிய உதிரிபாகங்களைக் கொண்டு அண்டைவீட்டு இளைஞன் பொருத்திக் கொடுத்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே அது திடீரென அணைந்துவிடும், எழுதியவை மறைந்துபோகும். "பொருத்தத் தெரியாமல் பொருத்திவிட்டாய்" என்று அவனைக் கடிந்துகொண்டோம். முகம் வாடிற்று, மறுமொழி கூறவில்லை.

மறுநாள் வந்து பொறுமையாகத் தேடினான். அதே பிளக்கில் மாட்டிய மேசைவிளக்கு மங்காது எரிந்தது; ஆகவே வீட்டு மின்சாரத்தில் குற்றமில்லை. விசிறிகள் ஒழுங்காகச் சுழன்றன, சூடும் மிகவில்லை. நினைவகத் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தான், பயனில்லை. இறுதியில் தன் கணிப்பொறியின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைக் கொணர்ந்து இணைத்தான். இரவுவரை அணையவில்லை!

வீட்டிற்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தருவது அப்பெட்டியே. இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கும் ஆதலின், நாம் திறக்கத் துணியவில்லை. பழுது பார்ப்பவர் திறந்து காட்டினார்: இரண்டு மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தது. வேலை குறைவாயிருக்கையில் தாக்குப்பிடிக்கும். பளு ஏறியதும் மின்னழுத்தம் தளரும். உடனே பொறி நின்றுவிடும்.

அப்பெட்டி எங்கிருந்து வந்தது? "புதிது எதற்கு? பழைய பொறியில் உள்ளதே போதும்" என்று, சில நூறு ரூபாயை மிச்சப்படுத்த வற்புறுத்தியவர் நாமே. அவனோ அதை ஒருமுறைகூட நினைவூட்டவில்லை.

அன்று இரவே அவன் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டோம். "இருக்கட்டும் சாமி, புதுப் பெட்டி வாங்கிவிடலாம்" என்றான். அவன் எல்லாவற்றையும் சோதித்த பின்னரே முடிவுக்கு வந்தான். நாமோ எதையும் சோதியாமலே தீர்ப்பிட்டிருந்தோம்.