கூழைக்கடாவுக்குப் பக்கத்து ஃப்ளாட்

ரிட்டயர்மென்ட் பணம் கைக்கு வந்தால் மனுஷனுக்கு இரண்டு ஆசைகள் வரும். ஒன்று, காசிக்குப் போவது. இன்னொன்று, ஃப்ளாட் பார்ப்பது. காசிக்குப் போனாலாவது ரிட்டர்ன் டிக்கெட் உண்டு!

2025 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி சகிதம் பள்ளிக்கரணைக்குக் கிளம்பினேன். பையில் செக் புக். 'லேக் வியூ' என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

ஏழாவது மாடி பால்கனியில் நின்று, டை கட்டிய கம்பெனிப் பையன் கையை நீட்டினான். வாயடைத்துப் போனேன். கண்ணுக்கெட்டிய மட்டும் கோரையும் தண்ணீரும். நெற்றியில் வெள்ளை நாமம் தரித்த நாமக்கோழிகள் கூட்டம் கூட்டமாக. சேற்றில் நத்தைகுத்தி நாரைகள். பாக்குவெட்டி மாதிரி அலகு. ஒரு கூழைக்கடா, பந்தியில் கடைசியாக எழுந்திருக்கும் பெரியப்பா போல, தாடையைத் தொங்கவிட்டு மிதந்துகொண்டிருந்தது. பெருங்குடி குப்பைமேடு எந்தப் பக்கம் என்பதைப் பையன் காட்டவில்லை.

"இந்தத் தண்ணி எப்படிப்பா வெளிய போகும்?" என்றாள் மனைவி.

பையன் பால்கனி டைல்ஸைக் காட்டி, "நல்லா சரிவு குடுத்திருக்கோம் மேடம்!" என்றான்.

சரியான பதில் கீழே டீக்கடையில் கிடைத்தது. வேட்டியை மடித்துக் கட்டிய உள்ளூர்ப் பெரியவர். "இது கழுவெளிங்க. சுத்துப்பட்டு ஏரிங்க எல்லாம் ரொம்பி வழிஞ்சா இங்கதான் வரும். இங்கேருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், அப்புறம் முட்டுக்காட்டுல கடல். தண்ணி கீழ போகும், மீனு எதிர்த்து மேல வரும். மீன் வந்தா பறவை வரும். நடுவுல ரோட்டைப் போட்டுட்டாங்க. மீனு ரோடு கிராஸ் பண்ணுமா?"

அவர் சொன்னது துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் சாலையை. சதுப்பு நிலத்தை வகிடெடுத்த மாதிரி போகிறது. இந்தப் பக்கத்துத் தண்ணீர் அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால், ரோட்டுக்கு அடியில் உள்ள சிறுபாலங்கள்தான் கதி.

சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்கிற மழை இங்கே வந்து சேருகிறது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த இடம். 'சும்மா கிடக்கும் நிலம்' என்று குப்பை கொட்டினோம், கட்டடம் கட்டினோம். 2007-ல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடு ஆக்கினார்கள். 2022-ல் சுமார் 1,248 ஹெக்டேருக்கு ராம்சார் அந்தஸ்து. சரி, பறவைக்கு இடம் ஆச்சு. வழி? சர்வே எண் ஒன்று சதுப்பு நிலம், அடுத்த எண் குடியிருப்பு. வரைபடத்தில் கோட்டுக்கு இந்தப் பக்கம் நாரை, அந்தப் பக்கம் த்ரீ பெட்ரூம். தண்ணீர் வருவதும் போவதும் கோட்டுக்கு வெளியே இருக்கிற நிலத்தின் வழியாகத்தானே? அதையெல்லாம் ஒவ்வொரு அனுமதியாகக் கொடுத்து அடைத்துவிட்டு நடுவில் வேலி போடுவது, வாசலை மூடிவிட்டுக் கூடத்துக்கு வெள்ளையடிக்கிற கதை.

மறுபடி மேலே போனோம். "ஏழாவது மாடிக்கு வெள்ளமே வராது சார்" என்றான் பையன்.

"நமக்கு வராது தம்பி. நம்மால கீழ இருக்கிறவங்களுக்கு வரும்" என்றாள் மனைவி.

அவள் தங்கை வீடு வேளச்சேரியில், தரைத்தளம். 2015 டிசம்பரில் கட்டில் மேல் நாற்காலி போட்டு, நாற்காலி மேல் மாமியாரை உட்கார வைத்துப் படகுக்குக் காத்திருந்தார் என் சகலை. (மாமியார் அவரோடு பேசாததற்குக் காரணம் வெள்ளம் அல்ல, அது வேறு கதை.)

செக் புக் பையை விட்டு வெளியே வரவில்லை.

அந்த செப்டம்பரில் பேப்பரில் செய்தி. ராம்சார் எல்லைக்குள்ளும் சுற்றி 1 கிலோமீட்டருக்கும், ஆய்வு முடியும்வரை புதிதாகக் கட்டட அனுமதி தரக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

"ஏற்கெனவே குடுத்த அனுமதி?" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போய்ப் பார்த்தேன். டீக்கடை இருந்தது. ஏழாவது மாடி பால்கனியில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.