மிஸ்ட் இறங்கின நாளில் ஒரு சாம்பியன்!

என்கிட்ட ஒரு மெடல் இருக்கு. 2004, பள்ளி விளையாட்டு விழா, பெண்கள் 800 மீட்டர், முதல் பரிசு. ஹெட்மாஸ்டர் கையெழுத்தோட சர்ட்டிஃபிகேட்டும் பத்திரமா இருக்கு. ஒரே ஒரு சின்ன சிக்கல்... அந்த 800 மீட்டரை நான் ஓடவே இல்ல. நான் மட்டுமில்ல, யாருமே ஓடல!

எங்க ஊர் கொடைக்கானல். ஆகஸ்ட் மாசம் மதியம் ரெண்டு மணிக்கு மேல எங்க ஊர் வானத்தை யாரும் நம்ப மாட்டாங்க. வெயில் அடிச்சிட்டு இருக்கும்போதே பள்ளத்தாக்குல இருந்து மிஸ்ட் ஏறி வரும். அஞ்சு நிமிஷத்துல எதிர்ல நிக்கிற ஆளு வெறும் நிழலாயிடுவாங்க. இது ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் வருஷா வருஷம் அட்டவணை இப்படித்தான் இருக்கும்... காலையில பசங்க ஓட்டம், பசங்க ரிலே, பசங்க கபடி ஃபைனல். அப்புறம் சாப்பாடு. அப்புறம் சிறப்பு விருந்தினர் பேச்சு. எல்லாத்துக்கும் கடைசியா பெண்கள் ஓட்டம்!

அந்த வருஷம் சிறப்பு விருந்தினர் நல்லா விரிவாவே பேசினார். அவர் உட்காரும்போது கோல் போஸ்ட் காணாமப் போயிருந்துச்சு. "மிஸ்ட்ல பொம்பளப் புள்ளைங்க விழுந்து எந்திரிச்சா யாரு பதில் சொல்றது?"ன்னு ஓட்டத்தை ரத்து பண்ணிட்டாங்க. ஆனா மெடல் வாங்கியாச்சே, சர்ட்டிஃபிகேட் அடிச்சாச்சே... என்ன பண்றது? ஆறு பேர் பேரையும் துண்டுச்சீட்டுல எழுதி ஒரு தொப்பியில போட்டுக் குலுக்கினாங்க. முதல் சீட்டு என்னோடது.

எங்க ஆறு பேர்ல நிஜமா ஓடுறவ ஒருத்திதான். வில்பட்டிப் பக்கம் இருந்து தினமும் மேட்டுல ஏறி வர்றவ. பெல் அடிக்கிறதுக்கு முந்தி வந்து சேரணும்னு தினமும் பாதி தூரம் ஓடியே வருவா. பிராக்டிஸ்ல நான் முதல் ரவுண்டு முடிக்கும்போது அவ ரெண்டாவது ரவுண்டுல பாதியில இருப்பா. அவ பேரு எழுதின சீட்டு தொப்பிக்குள்ளயே தங்கிடுச்சு. என் கழுத்துல மெடல் விழுந்தப்ப அவளும் கைதட்டினா. "ஓடாமலே ஜெயிச்சிட்டியேடி!"ன்னு சிரிச்சா வேற!

அந்த முதல் பரிசுக்காக என்னை அடுத்த கட்டப் போட்டிக்கு திண்டுக்கல் அனுப்பினாங்க. வெயில்ல, கொதிக்கிற மண்ணுல ஓடி, கடைசியா வந்தேன். அவளை அனுப்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்? அதுதான் இன்னிக்கு வரைக்கும் என் கேள்வி.

சரி, இதுக்கும் மல்யுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? இருக்கு பாஸ்!

அதே வருஷம் டிசம்பர். எங்க வீட்டுல அண்ணன் டென் ஸ்போர்ட்ஸ்ல டபிள்யூ.டபிள்யூ.இ. பைத்தியம். வீட்டுல ஒரு கட்டு டிரம்ப் கார்டு இருக்கும். உயரம், எடை, மார்பளவுன்னு எதைக் கேட்டாலும் பொண்ணுங்க கார்டு தோத்துடும், அதனால அதை என் தலையில கட்டுவான். டி.வி.யிலயும் அதே கதைதான். பொண்ணுங்க சண்டை வந்தா, தண்ணி குடிக்க எழுந்து போவான். அவன் திரும்பி வர்றதுக்குள்ள அதுவும் முடிஞ்சிருக்கும்!

அன்னிக்கு மட்டும் கதை மாறுச்சு. டிசம்பர் 6-ந்தேதி நடந்த 'ரா' நிகழ்ச்சியோட கடைசி ஆட்டம், அதாவது மெயின் ஈவென்ட், ரெண்டு பொண்ணுங்களுக்கு! டிரிஷ் ஸ்ட்ராட்டஸ் சாம்பியன், லீட்டா எதிராளி. லீட்டா கயித்துக்கு நடுவுல பாய்ஞ்சு வெளியில விழுந்தா பாருங்க... கழுத்தே முறிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன். எழுந்து வந்து ஜெயிச்சா. அண்ணன் தண்ணி குடிக்கப் போகவே இல்ல.

"எல்லாம் முன்னாடியே பேசி வெச்சுட்டு அடிச்சிக்குதுங்க. டம்மி சண்டை!"ன்னு அப்பா பேப்பர்ல இருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். உண்மைதான். யார் ஜெயிக்கணும்னு முன்கூட்டியே எழுதி வெச்ச ஆட்டம் அது. ஆனா ஓடாம மெடல் வாங்கின எனக்கு அந்த நிமிஷம் வேற ஒண்ணு உறைச்சுது. முடிவு பொய்யா இருக்கட்டும். அவங்களுக்குக் கொடுத்த நேரம் நிஜம்தானே? எங்களுக்கு அதுகூடக் கொடுக்கலையே!

அன்னைலேர்ந்து அந்த பெல்ட்டோட சரித்திரத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அது ஒரு சாம்பியன் பட்டத்தோட சரித்திரம் மாதிரியே இல்ல... யாருக்கு எப்போ இடம் கொடுக்கலாம்னு யாரோ சிலர் முடிவு பண்ணின சரித்திரம்.

ஆரம்பம் 1956. 'ஃபேபுலஸ் மூலா'ங்கிற பேர்ல மோதின லில்லியன் எலிசன் உலக சாம்பியன் ஆகிறார். தொடர்ந்து 28 வருஷம் அவரே சாம்பியன்னு கம்பெனி கணக்கு சொல்லும். நடுவுல சில தடவை தோத்து, திரும்ப வாங்கியிருக்கார். 1968-ல ஜப்பான்ல யுகிகோ டோமோய்கிட்ட தோத்தது அதுல ஒண்ணு. கம்பெனி அதையெல்லாம் கணக்குலயே சேக்கல! பட்டம் மட்டுமில்ல, அமெரிக்காவுல பெண்கள் மல்யுத்தத் தொழிலே பெருமளவு அவர் கையிலதான் இருந்துச்சு. தங்களோட சம்பளத்துல பெரிய பங்கை அவரே எடுத்துக்கிட்டார்னு அவர்கிட்ட பயிற்சி எடுத்த பெண்கள் பலர் பின்னாடி சொன்னாங்க. வாசலை அடைச்சது எப்பவும் ஆம்பளைங்க மட்டும்னு நெனச்சிட்டு இருந்த எனக்கு இது முதல் அதிர்ச்சி.

1984. எங்க ஊர்ல பெண்களுக்குன்னே அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் தொடங்கின வருஷம். அதே வருஷம் ஜூலையில, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல வெண்டி ரிக்டர்ங்கிற இளம் வீராங்கனை மூலாவைத் தோற்கடிச்சார். எம்.டி.வி.யில நேரடி ஒளிபரப்பு. அமெரிக்காவே பாத்துச்சு. இனிமே பொண்ணுங்க காலம்னு எல்லாரும் நெனச்சாங்க.

ஒரு வருஷம்தான் தாங்குச்சு. வெண்டி தன் சம்பளம் பத்திக் கேள்வி கேக்க ஆரம்பிச்சிருந்தார். 1985 நவம்பர் 25, அதே அரங்கம். முகமூடி போட்ட 'ஸ்பைடர்'ங்கிற எதிராளி. ஆட்டத்துக்கு நடுவுல வெண்டி தோளைத் தூக்கின பிறகும் நடுவர் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணி முடிச்சிட்டார்! முகமூடியை இழுத்தா உள்ளே மூலா. தான் தோக்கப்போறது அன்னிக்கு வெண்டிக்கு மட்டும்தான் தெரியாது. சண்டை டிரஸ்ஸோடவே அரங்கத்தை விட்டு வெளியேறினார் வெண்டி. இதைப் படிச்சப்ப எனக்குத் தொப்பியும் துண்டுச்சீட்டும்தான் ஞாபகம் வந்துச்சு. பரிசு வாங்கினது மூலா மாதிரி நான். வெண்டி யாருன்னு சொல்லணுமா?

அப்புறம் பட்டத்துக்கு வந்த கதி இன்னும் மோசம். 1990-ல சாம்பியன் ராக்கின் ராபின் கம்பெனியை விட்டுப் போனதும், வேற ஆளே வேணாம்னு பட்டத்தைத் தூக்கி மூலையில வெச்சிட்டாங்க. 1993-ல திரும்ப எடுத்தாங்க. அலண்ட்ரா பிளேஸ் ஜெயிச்சார். ஜப்பான்ல இருந்து புல் நகானோ வந்து மோதினார். நல்லாப் போயிட்டு இருந்தப்பவே, 1995-ல சாம்பியனோட ஒப்பந்தத்தையே ரத்து பண்ணிட்டாங்க. அலண்ட்ரா சும்மா விடல. அந்த டிசம்பர்ல போட்டிக் கம்பெனியோட நிகழ்ச்சிக்குப் போய், கேமரா முன்னாடி அந்த பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில போட்டார். செம துணிச்சல் இல்ல? ஆனா அதுக்கு விலை, அடுத்த மூணு வருஷம் பெண்களுக்குப் பட்டமே கிடையாது.

1998-ல பட்டம் மறுபடி வந்துச்சு... வேற மாதிரி. ஒருத்தர் டிரஸ்ஸை ஒருத்தர் கிழிக்கிறதுதான் போட்டி. 1999-ல 76 வயசு மூலா திரும்பவும் சாம்பியன். 2000-ல ஹார்வி விப்பிள்மேன்ங்கிற ஆம்பளை பொம்பளை வேஷம் போட்டு வந்து பெண்கள் பட்டத்தைத் தட்டிட்டுப் போனார்! ஜோக்காம். அந்தக் கூத்துக்கு நடுவுலதான் லீட்டாவும் டிரிஷ்ஷும் சண்டை போடக் கத்துக்கிட்டு, அடிபட்டு, மெயின் ஈவென்ட் வரைக்கும் வந்தாங்க. டிரிஷ் 2006-ல சொந்த ஊரான டொரண்டோவுல லீட்டாவை ஜெயிச்சு, ஏழாவது தடவையா சாம்பியனாகி, பெல்ட்டோடவே ஓய்வு பெற்றார்.

அப்பவாவது விட்டாங்களா? 2008-ல 'டிவாஸ்' பட்டம்னு பட்டாம்பூச்சி வடிவத்துல இன்னொரு பெல்ட். 2010-ல ரெண்டையும் ஒண்ணாக்கினாங்க. 1956-லேர்ந்து வந்த பழைய பட்டத்துக்கு முடிவு கட்டிட்டு, பட்டாம்பூச்சியை வெச்சுக்கிட்டாங்க!

2015 பிப்ரவரியில ஒரு நாள், நாலு பொண்ணுங்க மோதின ஆட்டம் ஏறக்குறைய முப்பது விநாடியில முடிஞ்சுது. பாத்துட்டு இருந்தவங்களுக்குப் பொறுக்கல. 'அவங்களுக்கு ஒரு வாய்ப்பு கொடுங்க'ன்னு ட்விட்டர்ல குவிஞ்சுட்டாங்க. அதே வருஷம் மார்ச்ல, பெருமைக்குரியோர் வரிசையில சேர்க்கப்பட்ட அலண்ட்ரா, மேடையில ஒரு குப்பைத் தொட்டிக்குள்ள கையை விட்டு, இருபது வருஷத்துக்கு முந்தி போட்ட பெல்ட்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டார். 2016 ஏப்ரல்ல புது பெண்கள் பெல்ட்டை அரங்கத்துல திறந்து காட்டினது யாரு தெரியுமா? எங்க லீட்டா! முதல்ல அதை ஜெயிச்சவர் ஷார்லட். 2019 ஏப்ரல்ல, ரெசில்மேனியாவோட கடைசி ஆட்டம் முதல்முறையா பெண்களுக்கு. இருபது நிமிஷத்துக்கு மேல நடந்து, பெக்கி லிஞ்ச் ஜெயிச்சார். முப்பது விநாடியில இருந்து இருபது நிமிஷத்துக்கு வர நாலு வருஷம்.

நம்ம ஆளு யாருமே இல்லையான்னு கேப்பீங்க. இல்லாம என்ன! மூலா சாம்பியன் ஆகுறதுக்கு ரெண்டு வருஷம் முந்தியே, 1954-ல, அலிகார் ஹமீதா பானு தன்னை ஜெயிக்கிறவரைக் கல்யாணம் பண்ணிக்கிறேன்னு ஆண்களுக்கே சவால் விட்டவர். பரோடாவுல பாபா பஹல்வானை 1 நிமிஷம் 34 விநாடியில முடிச்சு அனுப்பினார். நம்ம காலத்துல ஹரியானா, ஜிந்த் மாவட்டத்து மால்வி கிராமத்துல இருந்து கவிதா தேவி. 2016 தெற்காசியப் போட்டியில 75 கிலோ பளுதூக்குதல்ல தங்கம். குழந்தை பிறந்த பிறகும் பாரம் தூக்கினவர். ஜலந்தர்ல கிரேட் காளி நடத்துற பள்ளியில மல்யுத்தம் கத்துக்கிட்டு, 2017-ல டபிள்யூ.டபிள்யூ.இ. போட்டியில சல்வார் கமீஸோட இறங்கினார். முதல் சுற்றுலயே தோல்விதான். ஆனா எதிராளியைத் தலைக்கு மேல தூக்கிப் போட்டதை உலகமே பாத்துச்சு.

2018-ல ரெசில்மேனியாவுல பெண்கள் கூட்டுச் சண்டைக்கு முதல்ல மூலா பேரைத்தான் வெச்சாங்க. பழைய புகார்களைச் சொல்லி ரசிகர்கள் கொதிச்சதும், சில நாள்லயே அந்தப் பேரை எடுத்துட்டாங்க. பேரை எடுத்த அதே சண்டையில கவிதாவும் களம் இறங்கினார். பட்டம் எதுவும் ஜெயிக்காமலே 2021-ல வெளியில வந்தார். ஆனா இறங்கினார். அது போதும்னு நான் சொல்லல. அதுகூட இல்லாதவங்களை எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்றேன்.

என் தோழியைப் போன வருஷம் எங்க ஊர் ஞாயித்துக்கிழமை சந்தையில பாத்தேன். கையில ஒரு பை நிறைய பீன்ஸ், பக்கத்துல பத்து வயசுல ஒரு பொண்ணு. டீ குடிச்சோம். இருபது வருஷமா சொல்லாததை அன்னிக்குச் சொல்லிட்டேன். "அந்த மெடல் உன்னோடதுடி. வீட்டுல இருக்கு, எடுத்துட்டு வந்து தரட்டுமா?"

அவ டீயை ஆத்திக்கிட்டே கொஞ்ச நேரம் பேசல.

"எனக்கு எதுக்குடி அது? நானும் ஓடலையே. அன்னிக்கு ஓடியிருந்தா ஜெயிச்சிருப்பேன்னு நீ நெனைக்கிற. கால் தடுக்கி விழுந்திருந்தாலும் விழுந்திருப்பேன். அது பரவால்ல. ரெண்டு ரவுண்டு ஓட விட்டிருக்கலாம். காலையிலயே விட்டிருந்தா வெயில் இருந்துச்சுல்ல?"

அப்புறம் மகளைக் காட்டி, "இதுவும் நல்லா ஓடும்"னா.

மெடல் இன்னும் என் பீரோவுலதான் இருக்கு. குப்பையில போட மனசு வரல. மாட்டி வைக்கவும் மனசு வரல.

உங்க காலேஜ்லயும் சீக்கிரம் ஸ்போர்ட்ஸ் டே வரும். அட்டவணையை நோட்டீஸ் போர்டுல ஒட்டுவாங்க. யார் ஜெயிப்பாங்கன்னு பந்தயம் கட்டுறதுக்கு முந்தி ஒரு தடவை அதைப் படிச்சுப் பாருங்க. பொண்ணுங்க ஃபைனல் எத்தனை மணிக்குப் போட்டிருக்காங்க? சிறப்பு விருந்தினர் பேச்சுக்கு முந்தியா, பிந்தியா? பிந்தின்னா, உடனே போய்க் கேளுங்க. மிஸ்ட் இறங்கின பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்ல.