நள்ளிரவில் மரத்துப்போகும் கை... சுண்டு விரலைக் கவனித்தீர்களா?

எங்கள் காரைக்காலில், 'கை மரத்துப்போகுது' என்று யாராவது சொன்னால் உடனே மூன்று பதில்கள் வரும். 'வாயுதான்', 'உடம்புல சத்து இல்ல', 'கையை அழுத்திப் படுத்திருப்பே'. அம்மாவுக்கும் இந்த மூன்றையும் எல்லோரும் சொன்னார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் பூண்டுப் பாலும் சத்து மாத்திரையுமாக ஓடியது.

அம்மா தையல்காரர். 20 வருடங்களாக வீட்டுத் திண்ணையில்தான் மெஷின். பிளவுஸ் தைத்த காசில்தான் என் ஜர்னலிசம் டிப்ளமோவுக்கு ஃபீஸ் கட்டினார். நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, ஈரத்துணியை உதறுவதுபோல வலது கையை உதறிக்கொண்டிருப்பார். கேட்டால், "ஒண்ணும் இல்ல பாப்பா, நீ தூங்கு" என்பார். போகப் போக ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஹூக் வைத்துத் தைக்க முடியவில்லை. ஒருநாள் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. 'பக்கவாதமா இருக்குமோ' என்று பயந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் முதலில் கேட்டது இதைத்தான்: "சுண்டு விரலும் மரத்துப்போகுதாம்மா?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். "இல்ல டாக்டர், அது மட்டும் நல்லாத்தான் இருக்கு."

பாதி விடை அந்தப் பதிலிலேயே இருந்தது. மணிக்கட்டில், உள்ளங்கைப் பக்கமாக ஒரு குறுகிய சுரங்கப்பாதை இருக்கிறது. அடியிலும் பக்கவாட்டிலும் எலும்புகள். மேலே கூரைபோல உறுதியான ஒரு தசைநார்ப் பட்டை. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் 'மீடியன்' என்ற ஒரு நரம்பும் இந்த வழியாகத்தான் கைக்குள் போகின்றன. உள்ளே வீக்கம் வந்தால் நசுங்குவது நரம்புதான். மாங்கனித் திருவிழா கூட்டத்தில் சைக்கிளோடு மாட்டிக்கொண்டவர் நிலைமைதான் அதற்கும். இதைத்தான் 'கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்' என்கிறார்கள்.

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி... இவற்றின் உணர்ச்சி மீடியன் நரம்பின் பொறுப்பு. சுண்டு விரலுக்கு வேறு நரம்பு. அதனால்தான் அது தப்பித்துக்கொள்கிறது. தூக்கத்தில் நமக்குத் தெரியாமலே மணிக்கட்டு மடங்கிவிடும். அப்போது சுரங்கத்துக்குள் அழுத்தம் கூடும். ராத்திரியில் தொந்தரவு அதிகமாவது இதனால்தான்.

டாக்டர், அம்மாவின் இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்து, விரல்கள் கீழே பார்க்கும்படி ஒரு நிமிடம் பிடிக்கச் சொன்னார். நிமிடம் முடிவதற்குள் அம்மா, "மரத்துப்போச்சு" என்றார். உறுதி செய்ய நரம்புக் கடத்தல் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். அதற்காகச் சீர்காழி, சிதம்பரம், கடலூர் எல்லாம் தாண்டி புதுச்சேரிக்கு பஸ்ஸில் போய்வந்தோம்.

கூடவே ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு சர்க்கரை இருப்பது அதில்தான் தெரியவந்தது. சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, முடக்குவாதம் இருப்பவர்களுக்கு இந்தப் பிரச்னை வர வாய்ப்பு அதிகம். கர்ப்பிணிகளுக்கும் வரும், பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு குறைந்துவிடும். ஆண்களைவிடப் பெண்களையே இது அதிகம் தாக்குகிறது.

இதை 'கம்ப்யூட்டர் வியாதி' என்று சொல்வது வழக்கம். நாள் முழுக்க டைப் செய்கிற என்னைப் பார்த்து, "உனக்குத்தானே வரணும்" என்று அம்மாவே கேட்டார். ஆனால், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கம்ப்யூட்டரை அதிகம் பயன்படுத்தும் ஊழியர்களிடம் நடந்த ஆய்வு 2001-ல் வெளியானது. மற்றவர்களுக்கு எவ்வளவு வருகிறதோ, ஏறக்குறைய அதே அளவுதான் அவர்களுக்கும் வந்திருந்தது. அழுத்திப் பிடித்து, மணிக்கட்டை மடக்கி, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதும், அதிரும் கருவிகளைப் பிடித்து வேலை செய்வதும்தான் கைக்கு அதிகச் சுமை. கத்தரிக்கோல் பிடிக்கும் அம்மாவையும், மார்க்கெட்டில் காலையிலிருந்து மீன் வெட்டித்தரும் அக்காக்களையும் நினைத்துப் பாருங்கள்.

சிகிச்சை எளிமையாகத்தான் தொடங்குகிறது. மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையை ராத்திரி கட்டிக்கொண்டு தூங்க வேண்டும். ஆரம்ப நிலையில் பலருக்கு இதுவே பலன் தரும். அடுத்தது, மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி. சர்க்கரை உள்ளவர்களுக்கு இதனால் சில நாள்கள் சர்க்கரை அளவு ஏறலாம் என்பதால், டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதிலும் சரியாகாவிட்டால் அறுவை சிகிச்சை. கூரையாக இருக்கும் அந்தப் பட்டையை வெட்டிவிட்டு, நரம்புக்கு இடம் கொடுப்பார்கள். பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து முடித்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஒன்று முக்கியம். திடீரென்று முகம் கோணினாலோ, பேச்சு குளறினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

பட்டை கட்டியதில் அம்மாவின் ராத்திரித் தூக்கம் ஓரளவு திரும்பியது. விரல்களின் பலம் திரும்பவில்லை. "தீபாவளி ஆர்டர் முடியட்டும் டாக்டர், அப்புறம் ஆபரேஷன் வச்சுக்கலாம்" என்றார். டாக்டர் மறுக்கவில்லை. அம்மாவின் இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்துக் காட்டினார். வலது கையில், கட்டை விரலுக்குக் கீழே மேடாக இருக்க வேண்டிய சதை லேசாக இளைத்திருந்தது. "இது ரொம்ப இளைச்சிட்டா, ஆபரேஷனுக்கு அப்புறமும் முழுசா திரும்பி வராமப் போகலாம்மா" என்றார்.

வீடு வரும்வரை அம்மா எதுவும் பேசவில்லை. தையல் போட்டால் பிரிக்கவே 10 முதல் 14 நாள்கள் ஆகும். மறுபடி கத்தரிக்கோல் பிடிக்க இன்னும் சில வாரங்கள் ஆகும். தீபாவளி சீஸன் வருமானம் போய்விடும். "உன் சம்பளத்துல ரெண்டு மாசம் சமாளிச்சுடலாமா?" என்று மட்டும் கேட்டார். "சமாளிக்கலாம்மா" என்றேன்.

போன வாரம் நான்கு பிளவுஸ் துணிகளோடு வந்தவரிடம், "இந்தத் தடவை முடியாதுக்கா, கைக்கு வைத்தியம் பார்க்கணும்" என்று திருப்பி அனுப்பினார். இந்த 20 வருடங்களில் அம்மா ஆர்டர் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

வரும் வியாழக்கிழமை ஆபரேஷன்.