ராத்திரி வராத சனிக்கிழமை

சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இந்தியா பக்கம் போகிறவர்கள் பலகையைப் பார்த்து வாசல் தேட வேண்டாம். சக்கர நாற்காலிகள் எங்கே வரிசைகட்டி நிற்கின்றனவோ அங்கே போனால் போதும். பாதிப் பேருக்குக் காலில் ஒரு குறையும் கிடையாது. பிள்ளைகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும் அப்பா அம்மாக்கள். ஆங்கிலத்தில் வழி கேட்கக் கூச்சப்பட்டு நாற்காலிக்குச் சொல்லி வைத்தவர்கள். என் மனைவியும் அதில் ஒருத்தி. பேரனிடம் விடைபெற்றதை எழுதப்போவதில்லை. அது எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான்.

துபாய் வழியாகச் சென்னை. துபாய்க்கு அட்லாண்டிக் தாண்டித்தான் போவார்கள் என்று நினைத்திருந்தேன். சான்பிரான்சிஸ்கோ இருப்பது 122 டிகிரி மேற்கில், துபாய் 55 டிகிரி கிழக்கில். கூட்டிப் பார்த்தால் 177, கிட்டத்தட்ட அரை வட்டம். உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது வடதுருவத்தை உரசிக்கொண்டுதான் போகும். சுமார் 13,000 கிலோமீட்டர்.

ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை, மாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். மனைவிக்குச் சனிக்கிழமை ஒருபொழுது. மத்தியானம் சாப்பிட்டதோடு சரி. மறுநாள் சூரியன் உதித்த பிறகுதான் வாயில் ஏதாவது படும். இரவுக்கு ஒரு பிரஷர் மாத்திரை வேறு.

இடப்பக்க ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் வடக்கே போனதும் வாஷிங்டன் மாநிலத்து வான்கூவர் வந்தது. கனடாவில் இருக்கும் பெரிய வான்கூவர் இல்லை, இது சின்ன ஊர். 1937 ஜூனில் வலேரி ச்கலோவும் இரண்டு தோழர்களும் ஒற்றை எஞ்சின் விமானத்தில் மாஸ்கோவிலிருந்து துருவத்தைத் தாண்டி வந்து இறங்கியது இங்கேதான். 63 மணி நேரம்! காலை நீட்ட இடமில்லை என்று அலுத்துக்கொண்டிருந்த நான் அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்ததும் ஜன்னல் திரைகளை இறக்கச் சொன்னார்கள். விளக்குகள் அணைந்தன. விமானத்துக்குள் ராத்திரி.

"ஏங்க, இருட்டிடுச்சே, மாத்திரை போட்டுக்கலாமா?"

திரையை இரண்டு விரல் அளவுக்குத் தூக்கினேன். கண் கூசியது. சூரியன் அடிவானத்துக்குச் சற்று மேலே, இறக்கையின் முனைக்கு முன்னால் நின்றான். கீழே கனடாவின் வடகோடித் தீவுகள், மரமே இல்லாத பழுப்பு நிலம். மேற்கே விழ வேண்டியவன் விழாமல் வடக்குப் பக்கமாக நகர்ந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற ஆரம்பித்தான். அஸ்தமனமும் இல்லை, உதயமும் இல்லை. பாடப்புத்தகத்தில் படித்ததுதான் என்றாலும் அதைப் பார்க்கும்போது கொஞ்சம் பயமாகவே இருந்தது.

முன்னிருக்கைத் திரையில் வெளி வெப்பநிலை மைனஸ் 54 என்று காட்டியது. அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் எரிபொருள் மைனஸ் 40 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வேகத்தில் இறக்கை கொஞ்சம் சூடாவதால்தான் தப்பிக்கிறோம். அப்படியும் எரிபொருள் ரொம்பக் குளிர்ந்தால் வேகத்தைக் கூட்டுவார்கள், இல்லாவிட்டால் கீழே இறங்குவார்கள். காந்தத் திசைகாட்டியையும் துருவத்துக்குப் பக்கத்தில் நம்ப முடியாது.

துருவத்தை நெருங்கியபோது கீழே பார்த்தேன். ஒரே வெள்ளையாக இருக்கும் என்று நினைத்தது தவறில்லை, ஆனால் முழுக்கச் சரியுமில்லை. பனிப்பாளங்கள் விரிந்து கிடந்தன. நடுநடுவே கறுப்பாகக் கடல். சில இடங்களில் உருகிய நீர் தேங்கி நீலமாகத் தெரிந்தது. பக்கத்து இருக்கைப் பையன் சினிமா பார்த்துக்கொண்டிருந்தான். காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

"அப்ப சனிக்கிழமை எப்பதாங்க முடியும்?"

துருவத்தில் எல்லாத் தீர்க்கரேகைகளும் ஒரே புள்ளியில் சேர்கின்றன, அங்கே எந்தக் கிழமை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவளுக்குத் திருப்தியில்லை. ரஷ்யாவின் மேல் போகும்போது விளக்கைப் போட்டு உப்புமாவும் காபியும் கொடுத்தார்கள். "அவங்களே காலைப் பலகாரம்னு சொல்லிட்டாங்க" என்று சாமியைக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டாள்.

துபாயில் இறங்கும்போதுதான் சூரியன் மறைந்தான். கலிபோர்னியாவில் அன்று காலை உதித்ததிலிருந்து கணக்குப் போட்டால் ஒரே பகல், ஏறத்தாழ 26 மணி நேரம். மாத்திரையை அங்கேதான் விழுங்கினாள்.

சென்னையில் விடியற்காலை பாஸ்போர்ட்டில் திங்கட்கிழமைத் தேதி முத்திரை விழுந்தது. அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அடுத்த சனிக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு. இந்தத் தடவை ஒழுங்கா இருக்கணும்."