காயாத உப்பு

ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டில் விடிகாலையில் எடை போட்ட வெண்டைக்காய் மூட்டை சாயங்காலம் அதே எடை நிற்காது. யாரும் திருடவில்லை. தண்ணீர் போயிருக்கும், அவ்வளவுதான். கேரளாவுக்கு லோடு ஏற்றுகிற வியாபாரிகள் இதையும் மனதில் வைத்துத்தான் விலை பேசுவார்கள். பி.காம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் இதற்கு நார்மல் லாஸ் என்று பெயர். ஆவியாகிப் போனதற்கு யார் மேலும் பில் போட முடியாது, செலவில் ஏற்றிவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டியதுதான்.

இந்த நார்மல் லாஸ் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கிற திரவம் ஒன்று உண்டு. பெயர் அயனித் திரவம். வேதியியல்காரர்கள் அதைப் பல காரணங்களுக்காகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அதன் சுவாரஸ்யமான கதை ஒரு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குள் நடந்தது.

முதலில் மைக்ரோஸ்கோப். பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் 1931-இல் முதல் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பைச் செய்தார்கள். (ருஸ்காவுக்கு நோபல் கிடைத்தது 1986-இல். 55 வருஷம் காத்திருந்திருக்கிறார் மனிதர்!) ஒளிக்குப் பதில் எலக்ட்ரான் கற்றை. அதில் ஒரு தொல்லை. காற்று மூலக்கூறுகளில் மோதினால் எலக்ட்ரான்கள் சிதறிவிடும். அதனால் உள்ளே வெற்றிடம் வேண்டும். வெற்றிடத்தில் தண்ணீரை வைத்தால் கொதித்து ஆவியாகிவிடும். ஆக, ஈரமான எதையும் சாதாரணமாக அதற்குள் வைக்க முடியாது.

ஒரு முருங்கை இலையைப் பார்க்க வேண்டும் என்றால் என்ன செய்வார்கள்? முதலில் ரசாயனத்தில் ஊறவைத்து அப்படியே இறுகச் செய்வார்கள். பிறகு ஆல்கஹாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றுவார்கள். பிறகு சுருங்காமல் உலர்த்த ஒரு தனிக் கருவி. கடைசியில் மேலே மெல்லிசாகத் தங்கமுலாம். தங்கம் அழகுக்கு இல்லை; மின்சாரம் கடத்தாத பொருளின் மேல் எலக்ட்ரான்கள் தேங்கிப் படம் வெளுத்துப் போகும், அதைத் தவிர்க்க. இத்தனைக்கும் பிறகு திரையில் தெரிவது முருங்கை இலையா, முருங்கை இலையின் மம்மியா என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது உப்பு. சாப்பாட்டு உப்பும் அயனிகள்தான், சோடியம் ஒரு பக்கம், குளோரைடு ஒரு பக்கம். இரண்டும் உருண்டையான சின்ன அயனிகள், நெருக்கமாக அடுக்கி உட்கார்ந்துவிடும். பிரித்து உருக வைக்க 801 டிகிரி செல்சியஸ் தேவை. ஒரே அளவு எலுமிச்சையைப் பெட்டியில் அடுக்குவது போல. அதே பெட்டியில் பூசணியையும் முருங்கைக்காயையும் கலந்து அடுக்கச் சொன்னால்? எந்தச் சுமைதூக்கும் தொழிலாளியும் திட்டுவார். அயனித் திரவத்தில் இருப்பது இதுதான். ஒரு அயனியாவது பெரிதாக, கோணல்மாணலாக இருக்கும். ஒழுங்காக அடுக்க முடியாததால் கட்டியாக உறைவதற்குப் பதில் திரவமாகவே கிடக்கும். 100 டிகிரிக்குக் கீழே திரவமாக இருக்கும் உப்பை இந்தப் பெயரில் அழைப்பது வழக்கம்.

1914-இல் பால் வால்டன் எத்தில் அம்மோனியம் நைட்ரேட் பற்றி எழுதினார். உருகுநிலை சுமார் 12 டிகிரி. ஒட்டன்சத்திரத்தில் வைத்தால் மார்கழியிலும் உறையாது. பல வருஷம் அதை அதிகம் பேர் சீண்டவில்லை. 1992-இல் வில்க்ஸும் ஸவரோட்கோவும் காற்றையும் ஈரத்தையும் தாங்கும் வகைகளைச் செய்து காட்டிய பிறகுதான் கூட்டம் சேர்ந்தது.

2006-இல் ஜப்பானில் சுசுமு குவபாடா, சுகாசா தோரிமோடோ குழுவினர் இந்தத் திரவத்தை அப்படியே ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குள் வைத்துப் பார்த்தார்கள். ஆவியாகவில்லை. அது மட்டும் அல்ல, எலக்ட்ரான்கள் தேங்கிப் படம் வெளுக்கவும் இல்லை. அயனிகளே நகர்ந்து மின்சுமையைக் கொண்டு போய்விட்டன. தங்கமுலாம் பூசி வாங்க வேண்டிய வேலையை ஒரு சொட்டு உப்பே செய்துவிட்டது. அதன்பின் ஈரமான பொருள்களின் மேல் இதைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார்கள். நீர்த்த கரைசலாகப் பூசினால் வெற்றிடத்தில் தண்ணீர் போய்விடும், அது இருந்த இடத்தில் அயனித் திரவம் தங்கிவிடும். கடற்பாசி சுருங்காமல் விரிந்தபடியே தெரிந்தது. பிறகு ஹிட்டாச்சி நிறுவனம் இதற்கென்றே ஒரு அயனித் திரவத்தைப் பாட்டிலில் விற்கத் தொடங்கியது. காமர்ஸ் படிப்பவர்களுக்கு இந்த வரிதான் முக்கியம் :-)

"ஆவியாகவே ஆகாது" என்று சிலர் அடித்துச் சொல்வதுண்டு. அது விளம்பர வசனம். அதே 2006-இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை ஒன்று, குறைந்த அழுத்தத்தில் 200, 300 டிகிரிக்குச் சூடாக்கினால் சில அயனித் திரவங்களைக் காய்ச்சி வடிக்கவும் முடியும் என்று காட்டியது. "பசுமைக் கரைப்பான்" என்ற பட்டமும் அப்படித்தான். நீளமான கார்பன் சங்கிலி உள்ள சில வகைகள் நீர்வாழ் உயிர்களுக்கு நச்சு. காற்றில் கலக்காது என்பதால் ஆற்றில் கலந்தால் பரவாயில்லை என்று ஆகிவிடாது.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு கிளை இருக்கிறது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், பயன்படுத்திய அணு எரிபொருளிலிருந்து வேண்டியதைப் பிரித்தெடுக்க அயனித் திரவங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். திரவத்துக்குள் மின்சாரம் செலுத்தி யுரேனியம் ஆக்சைடையும் பல்லேடியத்தையும் படிய வைத்து, அந்தப் படிவின் மேற்பரப்பை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது அதில் ஒரு பகுதி. அங்கே பார்க்கப்படுவது திரவம் விட்டுச்சென்ற தடம்.

திரவத்தின் உள்ளமைப்பையே பார்ப்பது வேறு வேலை, ரொம்பக் கஷ்டம். அயனித் திரவம் பார்ப்பதற்குத் தெளிவாக இருந்தாலும் உள்ளே ஒரே சீராக இல்லை. மின்சுமை உள்ள பகுதிகள் ஒரு பக்கம் சேரும், எண்ணெய்த்தன்மை உள்ள வால்கள் இன்னொரு பக்கம் சேரும். இதை முதலில் சொன்னது கம்ப்யூட்டர் கணக்கும் எக்ஸ்-ரேயும்தான். அந்தத் திட்டுகளின் அளவு ஒன்றிரண்டு நானோமீட்டர். மேற்பரப்பைத் தடவிப் படம் எடுக்கிற ஸ்கேனிங் கருவிக்கு அது சிக்காது. கற்றை ஊடுருவிப் போகும் அளவுக்குத் திரவத்தை மெல்லிய படலமாக்க வேண்டும். 2017-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் மியாடா, மிசோகுச்சி குழு அந்த வழியில் போய், திரவத்துக்குள் தனித்தனி அயனிகள் நகர்வதைப் படம் பிடித்து சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வெளியிட்டது. உறைந்த படிகத்தில் அணுக்களை எண்ணுவது பழைய விஷயம். ஓடிக்கொண்டிருக்கும் திரவத்தில் ஒற்றை அயனியைத் துரத்துவது, பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் ஒருவரை மட்டும் கண்ணால் பிடித்து வைப்பது மாதிரி.

ஆனாலும் அந்த முருங்கை இலைக் கேள்வி இங்கேயும் விடுவதில்லை. பாய்கிற எலக்ட்ரான்கள் சும்மா பார்த்துவிட்டுப் போவதில்லை, வேதி வினையும் செய்கின்றன. தங்க உப்பு கரைந்த அயனித் திரவத்தில் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால் அதிலேயே தங்கத் துகள்கள் உருவாகும். 2009-இல் குவபாடா குழுவே அதைக் காட்டியிருக்கிறது. துகள் செய்ய வேண்டும் என்பவருக்கு அது லாபம். உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள வந்தவருக்கு அது நஷ்டக் கணக்கு. அதனால்தான் கற்றையின் அளவைக் குறைக்கிறார்கள், ஒரே இடத்தை அதிக நேரம் பார்ப்பதைத் தவிர்க்கிறார்கள், கிடைத்த படத்தை எக்ஸ்-ரே முடிவோடும் கணக்கீட்டோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். மூன்றும் ஒத்துவராத படத்தை அடுத்த பரிசோதனை வரை சஸ்பென்ஸ் அக்கவுண்டில்தான் வைக்க வேண்டியிருக்கிறது.