பர்மா தேக்கு வராத காலத்து வீடு

மல்லசமுத்திரத்தில் எங்கள் அப்பாரு வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியது 1943-ல். உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். முந்தைய வருஷம் மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்காரர் கைக்குப் போனதும் பர்மா தேக்கு வரத்து நின்றுபோனது. கூடவே பர்மா அரிசியும். இரும்புக்கு 1941-லேயே கட்டுப்பாட்டு உத்தரவு. மதுக்கரையில் ஆலை இருந்தும் சிமெண்ட் முதலில் பட்டாளத்து வேலைக்குத்தான். கள்ள மார்க்கெட்டில் கிடைக்கத்தான் செய்தது. அப்பாரு அந்தப் பக்கமே போகவில்லை. "நாலு மூட்டைய நான் ரெட்டை விலைக்கு வாங்குனா, கெணறு இடிஞ்சு கெடக்கறவன் எங்க போவான்?" என்பாராம்.

ஓடைக்கரையில் சுக்கான்கல் பொறுக்கிக் காளவாயில் சுட்டார்கள். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்து, மாடு பூட்டிய செக்கில் வெண்ணெய்ப் பதத்துக்கு அரைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் விட்டுப் புளிக்க வைத்தார்கள். உத்திரத்துக்கு முதிர்ந்த பனை. உள்ளே இருக்கும் சோற்றைச் செதுக்கித் தள்ளிவிட்டு வைரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆணிக்குப் பதில் மரமுளை, மேலே நாட்டு ஓடு. சுண்ணாம்பு காற்றை வாங்கி மெல்ல மெல்லத்தான் கல்லாகும். அதனால் ஒரு வரிசை இறுகிய பிறகே அடுத்த வரிசை. கட்டி முடிய இரண்டு கோடை பிடித்தது. ஐந்து அறைக்குப் போட்ட திட்டம் மூன்றானது. அந்த மூன்றில்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். இடம் போதவில்லை என்று ஒருவரும் சொன்னதில்லை.

சுதந்திரம் வந்தும் சிமெண்ட் தட்டுப்பாடு விடவில்லை. எழுபதுகளில் பர்மிட் கேட்டுத் தாலுகா ஆபீஸ் வாசலில் நான் நின்றிருக்கிறேன். 1982-ல் பாதிக் கட்டுப்பாடு தளர்ந்தது, 1989-ல் முழுதாக நீங்கியது. அதற்கு முந்திய ஒரு ஐப்பசியில் பார்த்ததை என்னால் மறக்க முடியவில்லை. விலை ஏறட்டும் என்று ஒருவர் அடுக்கி வைத்திருந்த மூட்டைகளில் ஈரம் ஏறி, சாக்கைக் கிழித்தால் உள்ளே பாறை. சம்மட்டியால் உடைத்துப் பள்ளத்தில் கொட்டினார்கள். அதே தெருவில் ஒரு விதவை, கூரை ஒழுக, அரை மூட்டைக்கு அலைந்துகொண்டிருந்தார். பற்றாக்குறையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பதுக்கலை எப்படிப் பொறுப்பது?

போன தை மாதம், வழியை அகலப்படுத்த அப்பாரு வீட்டுப் பக்கச் சுவரை எடுத்தோம். கொத்தனார் உளியால் தட்டத் தட்டச் செங்கல் உடையாமல் முழுசாகக் கழன்று வந்தது. பிற்பாடு சிமெண்டில் கட்டிய சமையற்கட்டுச் சுவரோ சில்லுசில்லாகத்தான் பெயர்ந்தது. கழன்ற கற்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டுக்கொட்டகைச் சுவரை எழுப்பிக்கொண்டோம். புதுக்கல் வாங்கவே இல்லை.